தலைமை எய்தாத பந்து வீச்சாளர்

விளையாட்டு வீரர் ஒருவரின் வரலாறு இலக்கியப் பக்கத்திற்கு ஏற்குமோ என அன்பர் சிலர் ஐயுறலாம். புலவர், புரவலர், அருளாளர் ஆகியோரின் வரலாறுகளே இத்தகைய பக்கங்களுக்கு உரியன என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆயினும் பல்வங்கர் பாலுவின் வாழ்வை அறியப் புகுவார், ஒரு மனிதனின் கையை வேண்டி நின்ற சமுதாயம் அம்மனிதனை வேண்டாது ஒதுக்கிய வரலாற்றை ஆங்குக் காண்பர். நமக்கும் அது முற்றிலும் அயலான வரலாறு அன்று.

பாலு 1876 ஆம் ஆண்டு தார்வாரிற் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் கொங்கணக் கரையிலுள்ள பல்வன் என்னும் ஊர். அவ்வூர்ப் பெயரே குடிப்பெயராயிற்று. தோல் பதனிடும் தொழிலுக்குரிய சமார் வகுப்பில், அக்காலத்தார் தீண்டத்தகாதோர் என விலக்கிய குடியில், அவர் தோன்றினார். தந்தையார் படைத்துறை சார்ந்த ஊழியராய்ப் பூனாவில் வாழ்ந்தார். ஆங்கில அதிகாரிகள் கழித்துவிட்ட துடுப்பும் பந்துமே பாலுவுக்கும் அவர் தம்பி சிவராமுக்கும் முதல் ஆசிரியர்களாயின.

பாலு மைதானத்துட் புகுந்தது ஆட்டக்காரராக அன்று; கூலியாளாகவே புகுந்தார். பார்சிகளின் கழகமொன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளையிட்டுச் செப்பஞ் செய்யும் வேலை. மாதச் சம்பளம் 3 ரூபா. பின்னர் 1892 அளவில் ஐரோப்பியருக்குரிய பூனாக் கழகத்திற் சேர்ந்தபோது அது 4 ரூபாவாயிற்று. வலை கட்டுதல், கோடு வரைதல் முதலிய பணிகளுக்கிடையே வெள்ளைக்காரருக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசும் வாய்ப்பும் அங்குக் கிட்டியது. அவர்களுள் கிரேக் என்னும் கப்டன் துடுப்பாட்டத்தில் நிகரற்றவர். அவர் மற்றவர்க்கு முன்னதாகவே மைதானத்திற்கு வந்து பாலுவின் பந்துகளை எதிர்கொள்வார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டு அணா அளித்தார் என்பது வழிவழி வந்த செய்தி. அது மெய்யாயினும் புனைவாயினும், நாள்தோறும் மணிக்கணக்காக வீசிய அப்பந்துகளே பாலுவை உருவாக்கின. ஆனால் துடுப்பை ஒருமுறையேனும் அவர் கையில் எவரும் கொடுத்திலர். அக்காலத்தில் துடுப்பெடுத்து ஆடுதல் பெருமக்களுக்கு உரியது. பந்து வீசுதலோ உழைப்பாளியின் கடன்.

அவர் வீசியது இடக்கைச் சுழற்பந்து. வலக்கை ஆட்டக்காரனை நோக்கி மெல்ல மிதந்து வந்து, நிலத்திற்பட்டதும் அவனை விட்டு விலகித் திரும்பும் இயல்புடையது அது. எங்கள் குறிஞ்சிப்பிட்டிக் கடற்கரையில் தென்னை மட்டையைத் துடுப்பாக்கி ஆடும் சிறுவர்தாமும், விரைந்து வரும் பந்தினும் மெல்ல வந்து ஏய்க்கும் பந்தே அஞ்சத்தக்கது என்பதனை அறிவர். பாலு வேகத்தையும் உயரத்தையும் பந்துக்குப் பந்து மாற்றி வீச வல்லவர். நாள் முழுவதும் சோர்வின்றி வீசவும் வல்லவர்.

பூனாவின் இந்துக்கள் ஐரோப்பியரை வெல்ல விரும்பினர். வெல்லப் பாலு வேண்டும். பாலுவைச் சேர்ப்பதோ ஆசாரத்திற்கு மாறு. நெடு விவாதத்தின் பின்னர் அவர் சேர்க்கப்பட்டார். ஆனால் மைதானத்தின் எல்லைக்குள் மட்டுமே. அந்தணரும் பிறரும் அவர் தொட்ட பந்தைத் தயக்கமின்றித் தொட்டனர். தேநீர் இடைவேளை வந்ததும், மற்றவர் மண்டபத்தினுள் பீங்கான் கிண்ணத்திற் பருக, அவருக்குமட்டும் வெளியே, எறிந்துவிடத்தக்க மண்கலத்தில் தேநீர் வழங்கப்பட்டது. உணவும் வேறிடத்தில், தனியே. பந்து வழியாகப் பரவாத தீட்டு கிண்ணத்தின் வழியாக எங்ஙனம் பரவியதோ, அந்த ஆசாரம் வகுத்தவர்களே அறிவர். இதனைப் படித்து வடநாட்டாரை இகழ முற்படும் நம்மவர், யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிற் சமமாக அமர்ந்து அருந்தும் உரிமைக்காக 1960 களிலும் போராட வேண்டியிருந்ததை மறத்தல் ஆகாது.

சாத்தாராவில் வெள்ளையர் கழகத்தோடு நடந்த ஆட்டமொன்று பாலுவின் புகழைப் பரப்பியது. அவருடைய சுழலை முறியடிக்க எண்ணிய கழகத்தார் பன்னாள் உருளையிட்டு ஆடுகளத்தை இறுக்கி வைத்திருந்தனர். அதிலும் அவர் 7 விக்கெற்றுகளை வீழ்த்தினார். பூனாவுக்கு மீண்ட அவருக்கு நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே அவையறிய மாலை சூட்டினார். பாலுவோடு சேர்ந்து ஆடுவோர் அவரோடு சேர்ந்து உண்ணவும் வேண்டும் என்று அவர்தம் உடனாட்டக்காரருக்கு அறிவுறுத்தினார். பின்னர்த் திலகரும் மற்றோர் அவையிற் பாலுவைப் பாராட்டினார்.

1896 இல் மூண்ட கொள்ளைநோயையடுத்துப் பாலு பம்பாய்க்குப் பெயர்ந்தார். அங்கு இந்து ஜிம்கானாவின் ஆட்டக்காரராகவும் புகையிரதக் கம்பனியின் ஊழியராகவும் அமைந்தார். 1906 ஆம் ஆண்டு பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்றனர். பாலு 8 விக்கெற்றுகளை வீழ்த்தினார். வங்கப் பிரிவினையால் நாடு கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆதலின் அவ்வெற்றி விளையாட்டின் எல்லையைக் கடந்து பேசப்பட்டது. பூனாவில் மறுக்கப்பட்ட உடனுண்ணல் பம்பாயில் அவருக்குக் கிட்டியிருந்தது என்பதனை அக்காலச் சீர்திருத்தக்காரர் மகிழ்வோடு குறித்தனர்.

1911 இல் பட்டியாலா மகாராசா பூபிந்தர் சிங்கின் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. மகாராசா விருந்துகளிற் காட்டிய ஆர்வத்தை ஆட்டத்திற் காட்டிலர். 23 ஆட்டங்களுள் 15 இல் அணி தோற்றது. 6 இல் மட்டுமே வென்றது. 35 வயதை எய்தியிருந்த பாலுவோ, தோள்வலியையும் பொறுத்து வீசி, அத்தோல்விகளுக்கிடையே 114 விக்கெற்றுகளைப் பெற்றார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கு எதிராக ஒரே இன்னிங்சில் 8 பேரை வீழ்த்தினார். தாயகம் மீண்ட அவருக்குப் பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் வரவேற்பு நிகழ்த்தினர். பீமராவ் அம்பேத்கர் அந்நாளில் இளைஞர். தம்மவருள் ஒருவர் உலகு போற்ற உயர்ந்தமை கண்டு பாலுவிடம் பெருமதிப்புக் கொண்டிருந்தார்.

இனித் தலைமையின் கதை. இந்து அணியிற் பாலுவினும் மூத்தவரும் அனுபவம் மிக்கவரும் இலர். இருந்தும் ஆண்டுக்காண்டு தலைவர் பதவி உயர்குலத்தார்க்கே சென்றது. 1913 இல் அப்பதவி பெற்ற அந்தணரான பை என்பார், இப்பெருமை தம் நண்பர் பாலுவுக்கே உரியது என்று வெளிப்படையாகக் கூறினார். அந்நேர்மை போற்றத்தக்கது, ஆயினும் தெரிவுக் குழு அசைந்திலது. பந்து வீசுதல் பிறர் ஏவலைச் செய்தல். தலைமை தாங்குதலோ பிறரை ஏவுதல். தொண்டை ஏற்றவர் ஏவலை ஏற்க இசைந்திலர்.

1920 இல் பொறுமை எல்லை கடந்தது. நாற்சமூகப் போட்டியின் முதலாட்டத்திற்குப் பாலு சேர்க்கப்படவில்லை. பை நோயுற்றிருந்தமையால் தலைமை தேவ்தருக்கு வழங்கப்பட்டது. பாலுவின் தம்பியர் சிவராமும் விட்டலும் தன்மானம் கருதி அணியினின்று விலகினர். காரணத்தையும் அறிக்கையாக வெளியிட்டனர். காந்தியடிகள் தீண்டாமைக்கு எதிராகக் குரல் எழுப்பிக்கொண்டிருந்த வேளையில் ஊரார் சகோதரர் பக்கமே நின்றனர். இறுதியாட்டத்திற்கு மூவரும் மீள அழைக்கப்பட்டனர், பாலு உபதலைவராக்கப்பட்டார். பை களத்தை விட்டு வெளியே சென்றிருந்த நேரத்தில் அணியை நடத்தியவர் பாலுவே. அவர் பெற்ற தலைமை அவ்வளவே.

1923 இல் விட்டல் முறையான தலைவரானார். அவர் தலைமையில் இந்துக்கள் ஐரோப்பியரை வென்றபோது, அவரை ஆட்கள் தோளிற் சுமந்து சென்றனர்.

ஆட்டத்தை விட்டபின் பாலு அரசியலிற் புகுந்தார். 1932 இல் தனித் தொகுதி முறையை எதிர்த்து, சென்னையின் எம். சி. இராசாவுடன் பூனா ஒப்பந்தத்தின் பக்கம் நின்றார். அதிற் கையொப்பமும் இட்டார். 1937 தேர்தலிற் காங்கிரசு அவரையே அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகள் பெற்றார், பாலு 11,225. ஒருவரையொருவர் மதித்திருந்த இருவரை எதிரெதிரே நிறுத்திய அச்சூழ்ச்சியை எம்மாற் பாராட்ட இயலவில்லை.

பாலு 1955 யூலை 4 ஆம் நாள் பம்பாயிற் காலமானார். இந்தியாவின் முதல் டெஸ்ட் ஆட்டம் 1932 இலேயே நடந்தமையால் அவ்வாட்டப் பட்டியல்களில் அவர் பெயர் இடம்பெறவில்லை. முதற்றர ஆட்டங்கள் 33 இல் 179 விக்கெற்றுகள், விக்கெற்றுக்கு 15 ஓட்டங்களுக்குச் சற்று மேல் என்னும் கணக்கு மட்டும் ஏடுகளில் உறங்கிக் கிடந்தது. வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா 2002 இல் வெளியிட்ட நூலே அவரை மீண்டும் பலர் அறியச் செய்தது. மும்பையின் பிரபாதேவியில் ஒரு வீதி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.