இதயத்துடிப்பை நிறுத்திக் காட்டிய யோகா குரு... ஈசிஜியில் பதிவானது என்ன? யார் இந்த கிருஷ்ணமாச்சாரியார்?

கல்பாக்கத்தில் இருந்து ஈசிஆரில் கொஞ்ச தூரம் போனால் மாமல்லபுரம். அங்கே அர்ஜுனன் தபசு சிற்பத்தில் ஒற்றைக்காலில் தவம் செய்பவரைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டாங்க. கீழே அதே போல கையைத் தூக்கி நிற்கும் பூனையையும் கவனிச்சிருப்பீங்க. யோகியைப் பார்த்து வியப்பது, கூடவே இது நிஜம்தானா என்று சந்தேகப்படுவது, ரெண்டுமே நமக்குப் பழக்கம்தான். அப்படி வியப்பும் சந்தேகமும் ஒன்றாகத் துரத்திய மனிதர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார்.

யார் இவர்?

1888 நவம்பர் 18 அன்று, இன்றைய கர்நாடகாவின் சித்ரதுர்கா பகுதியில் பிறந்தவர். காசியிலும் மைசூரிலும் சமஸ்கிருதம், தத்துவம் படித்தார். மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் 1933-ல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை தொடங்கினார். பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி என யோகாவை உலகம் முழுக்கக் கொண்டுபோன மூணு பேருமே இவரிடம் படித்தவர்கள். ஐயங்கார் இவருடைய மனைவியின் தம்பி.

இதயம் நின்றதா?

1935-ல் பிரான்ஸில் இருந்து தெரேஸ் ப்ராஸ் என்ற இதய மருத்துவர், கையோடு எடுத்துப் போகக்கூடிய ஈசிஜி கருவியுடன் இந்தியா வந்தார். கிருஷ்ணமாச்சாரியாரை சோதித்தபோது, சில நொடிகள் நாடித்துடிப்பும் ஈசிஜி கோடும் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குப் போனதாகப் பதிவானது. இந்தச் செய்திதான் வளர்ந்து வளர்ந்து, ரெண்டு நிமிஷம் இதயத்தையே நிறுத்தினார் என்ற அளவுக்கு இன்றும் ஃபார்வர்ட் ஆகிக்கிட்டு இருக்கு.

1950-ல் யோகசாலை மூடப்பட்டது. 1952-ல் சென்னைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட பிரபல வழக்கறிஞர் ஒருவருக்கு உதவத்தான் முதலில் அழைக்கப்பட்டார். 1957-ல் அவரைத் தேடி அமெரிக்காவில் இருந்து வெங்கர், பாக்சி என்ற இரு ஆய்வாளர்கள் வந்தார்கள். அப்போது அவருக்கு எழுபதை நெருங்கிய வயது. இதே போல இதயத்தைக் கட்டுப்படுத்துவதாகச் சொன்ன வேறு சில யோகிகளையும் சோதித்து, டெல்லி எய்ம்ஸின் பி.கே. ஆனந்துடன் சேர்ந்து 1961-ல் முடிவை வெளியிட்டார்கள்.

முடிவு: இதயம் நிற்கவில்லை. மூச்சை உள்ளே இழுத்து, தொண்டையை மூடி, மார்பு வயிற்றுத் தசைகளை இறுக்கும்போது, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. மணிக்கட்டில் நாடி தட்டுப்படாது. தசை இறுகும் சத்தத்தில் ஸ்டெதஸ்கோப்பிலும் துடிப்பு கேட்காது. ஆனால் ஈசிஜியில் இதயம் இயங்கிக்கொண்டேதான் இருந்தது. இதில் ஏமாற்று வேலை எதுவும் கிடையாது. உடலை அந்த அளவுக்கு அடக்கியது நிஜம், நின்றுவிட்டது என்று சொன்னதுதான் தப்பு. வீடியோ பார்த்து இதை வீட்டில் முயற்சி செய்வது, குறிப்பாக இதய நோய், ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு, ஆபத்து.

அப்போ இதயத்துக்கு யோகா உதவாதா?

உதவும், வேறு வழியில். மெதுவான, சீரான மூச்சு, இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் வேலையைக் கூட்டுகிறது. தொடர்ந்து செய்பவர்களுக்கு ரத்த அழுத்தம் ஓரளவு குறைவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. மாரடைப்பு வந்த 3,959 பேரை வைத்து இந்தியாவின் 24 மையங்களில் நடந்த யோகா-கேர் ஆய்வு 2020-ல் வெளியானது. யோகா பயிற்சி பெற்றவர்கள் பழைய வேலைகளுக்குத் திரும்புவதும், தங்கள் உடல்நலம் பற்றிய அவர்களின் மதிப்பீடும் மேம்பட்டிருந்தது. ஆனால் மரணம், மறுபடி மாரடைப்பு போன்றவை குறைந்தது என்று அந்த ஆய்வால் உறுதியாக நிரூபிக்க முடியவில்லை. அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டு யோகா என்பது நடக்காத கதை.

சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் செய்ததும் இந்த நிதானமான வேலையைத்தான். மைசூரில் அரண்மனைப் பையன்களைத் தாவிக் குதிக்க வைத்தவர், இங்கே நோயாளியின் வயது, உடம்பு, மூச்சைப் பார்த்து ஆளுக்கு ஏற்றபடி பயிற்சியை மாற்றினார். 1976-ல் மகன் தேசிகாச்சார் அவர் பெயரில் யோக மந்திரம் தொடங்கினார். 96 வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லி, படுத்தபடியே செய்யக்கூடிய பயிற்சிகளைத் தனக்கே வகுத்துக்கொண்டார். 1989-ல், நூறு வயதைக் கடந்து காலமானார்.

இதயத்துடிப்பு வித்தையை மகன் கேட்டும் அவர் கற்றுத்தரவில்லை. அதனால் யாருக்கும் பயனில்லை என்பது அவர் சொன்ன காரணம்.