ஐயுற்ற அப்போஸ்தலர்

மாங்காட்டினின்று புறப்பட்டுப் போரூரைக் கடந்து செல்வோமாயின், சுமார் 300 அடி உயரமுள்ள பரங்கிமலையை அடைவோம். அப்போஸ்தலராகிய தோமா கி.பி. 72-ஆம் ஆண்டில் இம்மலையிலே ஈட்டியாற் குத்துண்டு இரத்தசாட்சியாய் மரித்தார் என்பது கர்ணபரம்பரை. சரித்திர ஆசிரியர் யாவரும் இதனை ஒருப்பட்டு ஏற்றிலர். ஆயினும், மலையுச்சியில் 1547-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட, பஹ்லவி எழுத்துக்கள் பொறித்த கற்சிலுவை, போர்த்துக்கேயர் வருகைக்குப் பன்னூற்றாண்டு முன்னரே கிறிஸ்து மார்க்கம் இங்கு வழங்கியதை உணர்த்தும்.

உலகம் இவரை ஐயுற்ற தோமா என்றே அழைக்கும். மும்முறை மறுதலித்த பேதுருவுக்கு அப்பழி பெயராய் நிலைக்கவில்லை. ஒருமுறை ஐயுற்ற இவர்க்கோ இருபது நூற்றாண்டு கழிந்தும் அது நீங்கவில்லை. ஆகலின் இவர் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

திதிமு என்னும் மறுபெயருடைய இவரை முதல் மூன்று சுவிசேஷங்களும் பெயரளவிற் கூறிச் செல்ல, யோவானே இவர் இயல்பை விளக்குகின்றார். லாசரு மரித்தபோது, தம்மைக் கல்லெறிய முயன்றோர் வாழும் யூதேயாவுக்குத் திரும்ப நம் ஆண்டவர் துணிந்தார். சீஷர்கள் தயங்கினர். அவரோடு மரிக்கவும் சித்தமாய் ஏனையோரை ஊக்கியவர் தோமாவே. கடைசி இராவிருந்தில், அவர் செல்லுமிடம் அறியாத தங்களுக்கு வழி எங்ஙனம் தெரியும் என்று வெளிப்படையாய் வினவியவரும் இவரே. அஞ்சாமையும் ஒளிவின்மையும் இவர்பால் விளங்கின.

ஆயினும் குறையில்லாதவரல்லர். ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாளின் மாலையில் பதினொருவருள் இவர் மட்டும் அறையில் இல்லை. துயர வேளையிற் கூட்டத்தைவிட்டுத் தனித்திருந்தது முதற்குறை. உடன்வாழ்ந்த பதின்மர் சாட்சியையும் கொள்ளாது, காயங்களைத் தொட்டாலன்றி நம்புவதில்லையெனப் பிடிவாதங்கொண்டது இரண்டாவது. இதன்பின் நிகழ்ந்ததையே நாம் உற்றுநோக்கல் வேண்டும். எட்டு நாள் கழித்து அவர் அதே தோழர் நடுவே இருந்தார். ஐயம் தீராதவராயினும் அவர் விலகவில்லை. நம்பாதவரென்று அவர்கள் அவரை விலக்கவுமில்லை. அங்கேதான் ஆண்டவர் தோன்றித் தம் காயங்களைக் காட்டினார். மெல்லக் கடிந்தாராயினும் தள்ளிவிட்டாரல்லர். தோமாவோ அவரைத் தம் ஆண்டவரென்றும் தேவனென்றும் அறிக்கையிட்டார்.

மூன்றாம் நூற்றாண்டிற் சுரியானி மொழியில் எழுந்த தோமாவின் நடபடிகள் என்னும் நூல் மற்றொரு குறையையும் மறையாது கூறும். இந்தியா தமக்குச் சீட்டில் விழுந்தபோது, உடல் வலியின்மையையும் எபிரெயப் பிறப்பையும் காட்டி மறுத்தாராம்; பின்பு ஒரு வணிகனுக்கு அடிமையாய் விற்கப்பட்டே வந்தாராம். கொண்டபரேஸ் என்னும் அரசன் அரண்மனை கட்டத் தந்த பொருளை ஏழைகட்கு ஈந்தாராம். நூல் புனைவு மிகுந்ததாயினும், அவ்வரசன் மெய்யாகவே அரசு புரிந்தவன் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கிடைத்த நாணயங்கள் நிறுவின.

நன்னூலார் வினாவை அறுவகையாக வகுத்தவிடத்து ஐயவினாவையும் ஒன்றாக வைத்தார், வழுவென்று தள்ளினாரல்லர். வகுப்பறையில் ஐயத்தை எழுப்பும் நாம், ஜெபக்கூட்டத்தில் அதனை விழுங்கித் தலையசைக்கின்றோம். விழுங்க இயலாத தோழர் சிலர் ஒன்றுஞ் சொல்லாமலே வருவதை நிறுத்திவிடுகின்றனர். அவர் இருக்கை வெறிதாயிருப்பதைக் கண்டும் நாம் தேடிச் செல்வதில்லை, புறங்கூறுவதோடு அமைகின்றோம். இவ்வகையில் நாம் தோமாவினும் தாழ்ந்தோம், அப்பதின்மரினும் தாழ்ந்தோம். ஐயமுடையார் கூட்டத்தை விட்டு நீங்காதிருத்தலும், ஐயமற்றார் அவர்க்கு இடம் வைத்திருத்தலும் கடனாம். எட்டாம் நாள் வருமளவும் இரு திறத்தோமும் ஒருங்கே காத்திருப்போமாக.