மைசூரைக் கட்டிய இன்ஜினியர்



ஒவ்வொரு செப்டம்பர் 15 அன்றும் இன்ஜினியரிங் காலேஜ்களில் தலைப்பாகை கட்டிய ஒருவரின் போட்டோவுக்கு மாலை போடுவார்கள். யார் இவர்னு கேட்டா, அணை கட்டினவர்னு சொல்லிட்டு நகர்ந்துடுவோம். அணை கட்டினது உண்மைதான். ஆனா அந்த அணையை வச்சு ஒரு சமஸ்தானத்தோட பொருளாதாரத்தையே மாத்த நினைச்சவர் சர் மோ. விஸ்வேஸ்வரய்யா. அந்தக் கதைதான் இது.

சிக்கபள்ளாப்பூர் பக்கத்துல முத்தேனஹள்ளி அவர் பிறந்த ஊர். சிறு வயதிலேயே அப்பா இறந்துட்டார். பெங்களூர் சென்ட்ரல் காலேஜ்ல படிக்கும்போது டியூஷன் எடுத்துத்தான் செலவைச் சமாளித்தார். புனேயில் சிவில் இன்ஜினியரிங் முடித்து, 1884-ல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். கடக்வாஸ்லா அணையில் தானியங்கி மதகுகளை அமைத்தது அங்கேதான். வெள்ளம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினா மதகு தானாகத் திறக்கும். அணைச் சுவரை உயர்த்தாமலே கூடுதல் தண்ணீரைத் தேக்கலாம். 1908-ல் மூசி ஆற்று வெள்ளம் ஹைதராபாத்தைச் சீரழித்தபோது, பாதுகாப்புத் திட்டம் போடக் கூப்பிட்டதும் இவரைத்தான்.

1909-ல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளர் ஆனார். 1912-ல் திவான், அதாவது மன்னருக்கு அடுத்து நிர்வாகத்தை நடத்துபவர். இங்கதான் கதை சூடு பிடிக்குது.

அப்போ மைசூரின் பெரிய தொழில் கோலார் தங்கவயல். 1902 முதல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் இருந்து அதற்கு மின்சாரம் போனது. ஆனா கோடையில காவிரி வத்தினா மின்சாரமும் குறையும். ஆற்றை மேலேயே தேக்கிட்டா வருஷம் முழுக்க மின்சாரமும் கிடைக்கும், மண்டியாவின் வறண்ட நிலத்துக்குப் பாசனமும் கிடைக்கும். கிருஷ்ணராஜ சாகர் அணைக்குப் பின்னால் இருந்த கணக்கு இதுதான். 1911-ல் வேலை தொடங்கியது. கீழே இருந்த மெட்ராஸ் மாகாணம் தன் பாசனத்துக்கு ஆபத்து என்று எதிர்த்தது. கடைசியில் 1924-ல் ஒப்பந்தம் வந்தது. நம்ம மேட்டூர் அணைக்கு வழி திறந்ததும் அதே ஒப்பந்தம்தான்.

தண்ணீர், மின்சாரம் வந்தா போதுமா? தொழில் தொடங்கக் கடன் வேணும், அதுக்கு 1913-ல் மைசூர் வங்கி. படிச்ச ஆள் வேணும், அதுக்கு 1916-ல் மைசூர் பல்கலைக்கழகம், அடுத்த வருஷம் பெங்களூரில் இன்ஜினியரிங் காலேஜ். முதல் உலகப்போரால் ஜெர்மனிக்குப் போன சந்தனக்கட்டை ஏற்றுமதி நின்னுபோச்சு. மரம் தேங்கிக் கிடந்தது. சரி, எண்ணெயை நாமே வடிப்போம்னு அரசே ஆலை வைத்தது. அதிலிருந்து வந்ததுதான் இன்னைக்கும் கடையில கிடைக்கும் மைசூர் சாண்டல் சோப்பு. மூலப்பொருளை அப்படியே விக்காம உள்ளூரில் பொருளாக்கி விற்பது என்று நாம இப்போ பேசுவதை அவங்க அப்பவே செஞ்சுட்டாங்க.

எல்லாமே இப்படி ஜெயிக்கல. பத்ராவதி இரும்பு ஆலைக்குப் பக்கத்தில் நிலக்கரி கிடையாது. காட்டு மரத்தை எரித்த கரியில்தான் உலை ஓடணும். 1923-ல் உற்பத்தி தொடங்கியபோது போர்க்கால விலை இறங்கிப்போயிருந்தது. ஆலை நஷ்டத்தில் தள்ளாடியது. பதவியில் இல்லாத விஸ்வேஸ்வரய்யாவே வந்து பொறுப்பேற்று நிமிர்த்த வேண்டியிருந்தது.

பதவியை ஏன் விட்டார்? மாலை போடும் விழாக்களில் அதிகம் சொல்லாத பகுதி இது. மைசூர் அரசு வேலைகளில் பெரும்பாலும் பிராமணர்களே இருந்தார்கள். மற்ற சமூகத்தினர் பங்கு கேட்டார்கள். மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1918-ல் மில்லர் குழுவை அமைத்தார். கல்வியைப் பரப்பினால் எல்லாரும் தகுதியால் மேலே வருவார்கள், வேலையில் ஒதுக்கீடு வேண்டாம் என்பது திவானின் கருத்து. மன்னர் ஏற்கவில்லை. அந்த ஆண்டின் கடைசியில் அவர் விலகினார்.

யோசிச்சுப் பாருங்க. அணை எழும்ப இருபது வருஷம் ஆச்சு, அதுக்குக் காத்திருக்கலாம். ஆனா படிப்பு தலைமுறைகளாக எட்டாதவனிடம், கல்வி பரவும் வரை காத்திருன்னு சொன்னா? பொருளாதாரத்தை வளர்க்கும் வழி அவருக்குத் தெளிவாத் தெரிஞ்சது. வளர்ந்தது யார் கைக்குப் போகுது என்ற கேள்வியில், என் பார்வையில், மன்னர் சொன்னதே சரி. இன்னைக்கு நம்ம கிளாஸ்ரூம்ல முதல் தலைமுறை பட்டதாரிகள் இத்தனை பேர் உட்கார்ந்திருப்பதே அதுக்குச் சாட்சி.

1934-ல் இந்தியாவுக்கான திட்டமிட்ட பொருளாதாரம் பற்றிப் புத்தகம் எழுதினார், ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு ரொம்ப முன்னாடியே. 1955-ல் பாரத ரத்னா. 1962-ல், நூறு வயதைத் தொட்ட பிறகு மறைந்தார்.

அடுத்த செப்டம்பர் 15-க்கு அந்தப் போட்டோவுக்கு மாலை போடுங்க, தப்பில்ல. கூடவே நீங்க செய்யும் புராஜெக்ட்டைப் பார்த்து ரெண்டு கேள்வி கேளுங்க: இது எதோட இணையுது? இதோட பலன் யாருக்குப் போய்ச் சேருது? முதல் கேள்வியை அவர்கிட்ட இருந்து கத்துக்கலாம். ரெண்டாவதை, அவரோட மோதின மைசூர்க்காரங்ககிட்ட இருந்து.