உறையாத இரத்தத்தை ஆராய்ந்த மருத்துவர்

கேமரன் மலையில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்கள் செடிகளுக்கிடையே இருக்கும் பச்சைக் குழிவிரியனுக்கு அஞ்சுவதுண்டு. வட மலாயாவின் இரப்பர் தோட்டங்களிலோ ஆபத்து தரையில் கிடந்தது. அங்கு வாழும் மலாயாக் குழிவிரியன் காய்ந்த சருகின் நிறமுடையது. ஆள் நெருங்கினாலும் பெரும்பாலும் நகராது. விடியுமுன் வெறுங்காலுடன் மரம் சீவச் சென்ற தொழிலாளர்கள் அதனை மிதித்துக் கடிபட்டனர்.

அத்தகையோருக்குச் சிகிச்சையளித்தவர் ஹியூ அலிஸ்டர் ரீட். பிரிட்டனைச் சேர்ந்த இவர், 1950களில் பினாங்குப் பொது மருத்துவமனையில் மருத்துவராகப் பணியாற்றத் தொடங்கினார். பாம்பு கடித்தால் உடனே நச்சுமுறி மருந்தை ஏற்ற வேண்டும் என்று பலரும் நம்பிய காலம் அது. ஆனால், குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் அம்மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கி உயிருக்கு உலை வைக்கும். யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்காமல் காத்திருப்பது?

ரீட் நோயாளிகளின் படுக்கையருகிலேயே விடை தேடினார். கடிபட்ட பலரின் உடலில் நஞ்சு மிகக் குறைவாகவே ஏறியிருந்தது. சிலருக்கு ஏறவே இல்லை. நஞ்சு உடலெங்கும் பரவியவர்களுக்கோ எச்சிலில் இரத்தம் கலந்து வந்தது. அவர்களின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்தால் அது உறையவில்லை. இரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜென் என்னும் புரதத்தை நஞ்சு அழித்துவிடுகிறது. மருந்து கொடுக்காவிட்டால் இந்நிலை வாரக்கணக்கில் நீடித்தது. வியப்பு என்னவென்றால், அவர்களுள் பெரும்பாலோர் இரத்தப்பெருக்கால் இறக்கவில்லை! இதனை ரீட்டும் அவருடைய மலாயா சகாக்களும் 1963இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டனர். இக்கண்டுபிடிப்பே பின்னர் அந்நஞ்சிலிருந்து ஆன்குரோட் என்னும் மருந்து உருவாக வழிவகுத்தது. இரத்தக் குழாய்களில் கட்டி உறைந்தோருக்கு அது கொடுக்கப்பட்டது.

கடற்பாம்பு கடித்த மீனவர்களையும் அவர் ஆராய்ந்தார். அந்நஞ்சு தசைகளைச் சிதைக்கும். தசையிலிருந்து கசியும் பொட்டாசியம் இரத்தத்தில் மிகுந்தால் இதயத்துடிப்பே நின்றுவிடலாம். பினாங்கில் சேகரிக்கப்பட்ட நஞ்சைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் கடற்பாம்புக்கான நச்சுமுறி மருந்து தயாரிக்கப்பட்டது.

1960களில் ரீட் இங்கிலாந்து திரும்பி, லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பணியைத் தொடர்ந்தார், 1983இல் காலமானார். விலையுயர்ந்த கருவிகள் இல்லாத மருத்துவமனைகளில் இன்றும் விரியன் கடிபட்டவரின் இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் இட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்கிறார்கள்.