வால்வு கண்ட பிளெமிங்

ஒலியைப் பெருக்கித் தரும் கருவிகள் இன்று வீடுதோறும் உள்ளன. அவை தோன்றுவதற்கு வித்திட்டவர் செவிப்புலன் குன்றிய அறிஞர் ஒருவர் என்பது வியப்புக்குரியது. அவரே சர் ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் ஆவார். மின்னோட்டம், காந்தப்புலம், இயக்கம் ஆகியவற்றின் திசைகளை மூன்று விரல்களால் காட்டும் இடக்கை விதி, வலக்கை விதி ஆகியவற்றைக் கற்ற மாணவர் அனைவரும் அவர் பெயரை அறிவர்.

பிளெமிங் 1849-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் இங்கிலாந்து நாட்டின் லங்காஸ்டர் நகரில் பிறந்தார். தந்தையார் கிறித்தவ சமயப் போதகர். சிறுவயதிலேயே பிளெமிங் தமக்கென ஒரு பட்டறை அமைத்துக்கொண்டு, சிறு படகுகளும் பொறிகளும் செய்து மகிழ்ந்தார். உயர்கல்வி கற்கும் வேட்கை அவருக்கு மிகுதி. பொருள் வசதியோ குறைவு. ஆகவே, பகலில் எழுத்தராகப் பணியாற்றி, இரவில் பயின்று, 1870-ஆம் ஆண்டில் இலண்டனில் பட்டம் பெற்றார். பின்னர் ஆசிரியப் பணி ஏற்று, ஊதியத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். அப்பொருளைக் கொண்டு 1877-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சென்று, மின்காந்தக் கொள்கையை வகுத்த மாக்ஸ்வெல் என்னும் பேரறிஞரிடம் பாடம் கேட்டார்.

1882-ஆம் ஆண்டில், எடிசனின் மின்விளக்குக் குழுமத்திற்கு இலண்டனில் அறிவுரையாளராக அமர்ந்தார். அக்காலத்து மின்குமிழ்கள் எரிய எரிய, அவற்றின் கண்ணாடியின் உட்புறம் கருமை படிந்தது. பிளெமிங் அதனைக் கூர்ந்து ஆராய்ந்தார். குமிழினுள் இழைக்கு அருகே ஓர் உலோகத் தகட்டைப் பொருத்தினால், சூடான இழைக்கும் தகட்டுக்கும் இடையே மின்சாரம் பாய்வதை எடிசன் முன்னரே கண்டிருந்தார். அம்மின்சாரம் ஒரு திசையில் மட்டுமே பாய்கிறது என்பதைப் பிளெமிங் பல சோதனைகளால் உறுதிப்படுத்தினார். எலக்ட்ரான் என்னும் நுண்துகள் 1897-ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. ஆதலின், இவ்விந்தையின் காரணம் அந்நாளில் விளங்கவில்லை. பயன் எதுவும் புலப்படாத அக்குமிழ்களை அவர் ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய அவரை, 1899-ஆம் ஆண்டில் மார்க்கோனி குழுமம் அறிவுரையாளராக அமர்த்திக்கொண்டது. 1901-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கம்பியின்றிக் கடந்தது ஒரு குறி. அதனை அனுப்பிய பேராற்றல் பொறியை வகுத்தவர் பிளெமிங்கே. ஆயினும், உலகம் மார்க்கோனியையே கொண்டாடியது.

கடல் கடந்து வரும் குறிகள் மிக மெல்லியவை. அவற்றைச் செவியில் கருவி வைத்துக் கேட்டறிய வேண்டியிருந்தது. பிளெமிங்கின் கேட்கும் ஆற்றலோ நாளுக்கு நாள் குறைந்து வந்தது. காதால் கேட்க இயலாததைக் கண்ணால் காண வழியுண்டா என அவர் எண்ணினார். மின்னோட்டத்தை ஊசியசைவால் காட்டும் கருவி அவரிடம் இருந்தது. ஆனால், வானலைகள் எழுப்பும் மின்னோட்டம் ஒரு நொடியில் பல்லாயிரம் முறை திசை மாறுவது. ஊசி அசையவே இல்லை. மின்னோட்டத்தை ஒரே திசையில் செலுத்தும் பொருள் ஒன்று கிடைத்தால் போதும் என்று சிந்தித்தபோது, அலமாரியில் கிடந்த பழைய குமிழ்கள் அவர் நினைவுக்கு வந்தன. எடுத்து இணைத்தார், ஊசி அசைந்தது! 1904-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் அதற்குக் காப்புரிமை கோரினார். நீரை ஒரு பக்கம் மட்டும் செல்லவிடும் அடைப்பிதழ் போல அது செயற்பட்டதால், அதற்கு வால்வு எனப் பெயரிட்டார்.

இரண்டாண்டுகளுக்குப்பின், அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் இழைக்கும் தகட்டுக்கும் நடுவே கம்பி வலை ஒன்றை வைத்தார். வலையில் சேரும் சிறு மின்மாற்றம் தகட்டின் மின்னோட்டத்தைப் பெரிதும் மாற்றியது. மெல்லிய ஒலிக்குறியைப் பெருக்கும் வழி இவ்வாறு பிறந்தது. கண்டுபிடிப்பின் உரிமை பற்றி எழுந்த வழக்குகள் நெடுங்காலம் நீண்டன. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளெமிங்கின் காப்புரிமை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அப்போது அவருக்கு வயது 93. ஆயினும், அவர் உழைப்பின் பயனை எத்தீர்ப்பாலும் மறைக்க இயலவில்லை. 1929-ஆம் ஆண்டிலேயே சர் பட்டம் பெற்றிருந்த அப்பெரியார், 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் தம் 95-ஆம் வயதில் மறைந்தார்.

1947-ஆம் ஆண்டில் தோன்றிய டிரான்சிஸ்டர், நாளடைவில் வால்வின் இடத்தைப் பிடித்தது. எனினும், இசையன்பர் சிலர் வால்வு ஒலிபெருக்கிகளை இன்றும் போற்றி வருகின்றனர். வால்வைத் தாங்கியிலிருந்து எளிதில் கழற்றலாம். ஒரே வகை வால்வாயினும், செய்த ஆலைக்கேற்ப வலையின் நெருக்கமும் தகட்டின் அமைப்பும் சற்று வேறுபடும். அதனால் ஒலிபெருக்கும் அளவும் உடன் தோன்றும் மேற்சுரங்களும் சிறிது மாறக்கூடும். ஒன்றைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தி, தம் செவிக்கு இனிய ஒலியை அவர்கள் தேடுகின்றனர்.

அவர்கள் உணரும் அந்நுண்ணிய வேறுபாட்டைப் பிளெமிங்கின் செவி உணர்ந்திராது. ஆயினும், தம் குறையை எண்ணிச் சோர்ந்திராமல், விளங்காத ஒன்றையும் வீணென்று எறியாமல் காத்து வைத்தார் அவர். அதனால் உலகம் செவிச்செல்வம் பெற்றது.