கோபி பாலைவனத்தில் மூன்று பெண்கள்

பாலைவனம்னு சொன்னா நமக்கெல்லாம் ராஜஸ்தான்தான் ஞாபகம் வரும். எனக்கு இப்போது மில்ட்ரட் கேபிள் அம்மையாரும் ஞாபகம் வருகிறார்.

1878-ல் இங்கிலாந்தில் பிறந்த இவர், கிறிஸ்தவ ஊழியத்துக்காகக் கப்பலேறிச் சீனா போனார். ஷான்சி மாகாணத்தில் ஈவா, பிரான்செஸ்கா என்ற அக்கா தங்கையோடு சேர்ந்து சுமார் 20 வருடம் ஊழியம் செய்தார். பெண் குழந்தைகளின் பாதத்தைக் கட்டிக் குறுக்கிய அந்த நாட்டில், அவர்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்.

1923-ல் மூவரும் அதை விட்டுவிட்டு வடமேற்கே கோபிப் பக்கம் கிளம்பினார்கள். ஈவாவுக்கு அப்பவே 50 வயசு தாண்டிவிட்டது. இந்த வயசில இதெல்லாம் தேவையான்னு சொன்னவங்களும் உண்டு. கோவேறு கழுதை வண்டியில், வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் ராத்திரிப் பயணம். பல மொழிகளில் வேதப் புத்தகங்கள் கொண்டுபோனார்கள். ஐந்து தடவை கோபியைக் கடந்தார்கள்! மா சுங்யிங் என்ற படைத்தலைவன், தன் காயத்துக்கு மருந்து போட இவர்களைப் பிடித்தே வைத்துக்கொண்டான்.

என்னைக் கேட்டா இதைவிடப் பெரிய விஷயம் வேறு. சூச்சோ என்ற ஊரில் ஒரு சின்னப் பொண்ணு இவர்கள் வாசலில் பிச்சை கேட்டு வந்தது. காது கேளாது, பேச்சு வராது. காலில் நாய் கடித்த புண். சோறு போட்டு மருந்து கட்டினார்கள். பிறகு பிள்ளையாகவே எடுத்துக்கொண்டார்கள். டாப்சி என்று செல்லப்பெயர். மூணு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதனால் டாப்சிக்கு மூணு அம்மா!

1936-ல் சீனாவை விட்டுக் கடைசியாகக் கிளம்பினார்கள். மில்ட்ரட் 1952-ல் இறந்தார். அக்கா தங்கை இருவரும் 1960-ல், சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து. டாப்சியும் இவர்களோடு இங்கிலாந்துக்கே போய்விட்டாள்.