வெறுங்காலோடு கிளாஸ்கோ வரை



நம் மைதானத்தில் சாயங்காலம் பந்து ஆடுகிறவர்களில் பலருக்கு ஷூ கிடையாது. எனக்கும் முதலாண்டில் கிடையாது. ஊரில் சம்பா அறுவடை முடிந்ததும், உளுந்து தெளிக்காமல் சும்மா கிடக்கிற மேட்டு வயல்தான் எங்கள் ஸ்டேடியம். அறுத்த தாள்கட்டை உள்ளங்காலைக் குத்தும். சித்திரை, வைகாசியில் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது கால் உள்ளே மாட்டினால் போச்சு, ஒரு வாரம் நொண்டிதான். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணி வந்துவிட்டால் ஆட்டம் க்ளோஸ்.

ஷூ இல்லாத இந்தக் கூட்டத்துக்கு மூத்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் நான் முகமது சலீமைச் சொல்வேன். நம்ம ஊர்க்காரர் இல்லையே என்று கேட்காதீர்கள். வெறுங்காலோடு கப்பல் ஏறி, ஸ்காட்லாந்தில் போய் செல்டிக் கிளப்பின் பச்சை வெள்ளைச் சட்டையைப் போட்டு ஆடிய மனிதர் அவர்.

சலீம் பிறந்தது 1904-ல், கல்கத்தாவின் மேட்டியாபுருஸ் பகுதியில். பெரிய வசதி இல்லாத குடும்பம். அவருக்கு ஏழு வயதானபோது, 1911 ஜூலை 29 அன்று, மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்டை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றது. பகான் வீரர்களில் ஒரே ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் வெறுங்கால். எதிரில் நின்றவர்களோ ஷூ போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள். அன்றைக்குக் கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த எந்தப் பையனுக்குத்தான் படிப்பு மண்டையில் ஏறியிருக்கும்? சலீமுக்கும் ஏறவில்லை.

1926-ல் பௌபஜாரில் இருந்த சித்தரஞ்சன் கிளப்பில் சேர்ந்தார். அப்புறம் முகமதன் ஸ்போர்ட்டிங்கின் இரண்டாம் அணி, ஸ்போர்ட்டிங் யூனியன், ஈஸ்ட் பெங்கால், ஆரியன்ஸ் என்று ஒரு சுற்று. 1934-ல் மறுபடி முகமதன் ஸ்போர்ட்டிங். இந்த வருஷம்தான் முக்கியம். கல்கத்தா லீக் 1898-லிருந்து நடக்கிறது. அதுவரை ஒரு இந்திய அணிகூட முதல் டிவிஷன் பட்டத்தைத் தொட்டதில்லை, எல்லாம் ராணுவ ரெஜிமென்ட்களும் வெள்ளைக்கார கிளப்புகளும்தான். முகமதன் அந்த வருஷம்தான் முதல் டிவிஷனுக்கே வந்தது. வந்த வருஷமே பட்டத்தை அடித்தது! அதோடு விட்டார்களா? 1938 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் அவர்கள்தான் சாம்பியன். அந்த அணியில் சலீம் விங்கில் ஆடினார். பந்து காலோடு ஒட்டிக்கொண்டே போகும், எதிராளி கால் நீட்டும்போது பந்து அங்கே இருக்காது.

1936-ல் பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குப் போகிற வழியில் சீன அணி இந்தியாவுக்கு வந்து ஆடியது. கல்கத்தாவில் முதல் மேட்ச்சில் சலீம் ஆடினார், நன்றாகவே ஆடினார். அடுத்த மேட்ச்சுக்கு ஆளைக் காணோம்! சங்கத்துக்காரர்கள் பேப்பரில் விளம்பரம் கொடுத்துத் தேடினார்கள். ஆள் கப்பலில் இருந்தார். இங்கிலாந்தில் இருந்த உறவினர் ஹாஷிம், உன் ஆட்டத்தை ஐரோப்பாக்காரன் பார்க்கணும் என்று சொல்லி இழுத்துக்கொண்டு போய்விட்டார். சொல்லாமல் கொள்ளாமல் போனது சரியா என்று கேட்டால், சரியில்லைதான். ஆனால் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தால் விட்டிருப்பார்களா?

கிளாஸ்கோவில் ஹாஷிம் நேராக செல்டிக் மேனேஜர் வில்லி மேலியிடம் போய்க் கேட்டார். செல்டிக் அப்போது சாதாரண கிளப் இல்லை, ஸ்காட்லாந்து லீக்கை அந்த சீஸன்தான் ஜெயித்திருந்தது. வெறுங்காலில் ஒருவன் வந்து தன் பசங்களோடு ஆடப் போகிறானா என்று மேலிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் ஒரு சான்ஸ் கொடுத்தார். ஆயிரம் பேர் முன்னால், மூன்று கோச்கள் பார்க்க, சலீம் தன் வித்தையைக் காட்டினார். அதோடு சிரிப்பு நின்றது.

அந்த நாட்களில் எடுத்த ஒரு போட்டோ உண்டு. செல்டிக்கின் ட்ரெய்னர் ஜிம்மி மெக்மெனமி குனிந்து சலீமின் காலுக்குப் பேண்டேஜ் சுற்றுகிறார். மெக்மெனமி தன் காலத்தில் பெரிய ஆட்டக்காரர், அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பெயர். அவர் ஒரு அடிமை நாட்டிலிருந்து வந்தவனின் காலைத் தொட்டுக் கட்டுப் போடுகிறார். 1936-ல்! எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

முதலில் ஹாமில்டன் அணியோடு ஆட்டம், செல்டிக் 5-1. அடுத்து ஆகஸ்ட் 28-ல் கால்ஸ்டன் அணியோடு, 7-1. இந்த ஏழில் மூன்று கோல் சலீம் போட்டுக் கொடுத்த பந்தில் வந்தவை. பெனால்டி கிடைத்தபோது அவரையே அடிக்கச் சொன்னார்கள், கூச்சப்பட்டு மாட்டேன் என்றுவிட்டார். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவை இரண்டும் அலையன்ஸ் லீக் மேட்ச்கள், அதாவது கிளப்பின் இரண்டாம் அணி ஆடுவது. சலீம் செல்டிக்கின் முதல் அணிக்கு ஆடியதாகச் சிலர் எழுதுகிறார்கள், அது மிகை. மிகைப்படுத்தாமலே கதை பெரிசுதான்.

ஸ்காட்லாந்துப் பத்திரிகைகள் தலையில் வைத்துக் கொண்டாடின. ஆனால் வித்தைக்காரன் என்றுதான் எழுதின. இது மட்டும் எனக்கு உறுத்தும். பாம்பாட்டி, கயிறு மேல் நடக்கிறவன், இந்தியா என்றால் அவர்களுக்கு இதுதானே ஞாபகம்? மூன்று வருஷமாக வெள்ளைக்கார ரெஜிமென்ட்களை ஓட ஓட விரட்டிய அணியின் விங்கர் அவர். மழைக்காலத்துச் சேற்றில் ஷூ இல்லாமல் வழுக்காமல் திரும்பக் கற்றுக்கொண்ட கால் அது. அதில் மாயம் என்ன இருக்கு, பழக்கம்தான்.

அப்புறம்? செல்டிக் அவரை இருக்கச் சொன்னது. ஜெர்மனியிலிருந்தும் ஒரு கிளப் கூப்பிட்டது. சலீமுக்கு வீட்டு ஞாபகம் தாங்கவில்லை, ஊருக்குப் போறேன் என்றார். சரி, உனக்காக ஒரு தர்ம மேட்ச் வைக்கிறோம், வசூலில் ஐந்து சதவிகிதம் உனக்கு என்றார்கள். அந்தப் பணத்தை அநாதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். செல்டிக் கிளப்பே 1887-ல் கிளாஸ்கோவின் ஏழை ஐரிஷ் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் திரட்டத்தான் ஆரம்பிக்கப்பட்டது. சலீமுக்கு இது தெரியுமோ என்னவோ, தெரியாமலே அதைச் செய்திருந்தால் இன்னும் அழகு.

இந்தக் கதையை ஹாஸ்டலில் சொன்னபோது பெரிய சண்டை. மடத்தனம், பவுனில் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமே என்றான் ரூம்மேட். டிப்ளமோ முடித்ததும் வளைகுடாவுக்குப் பறக்க பாஸ்போர்ட் எடுத்து வைத்திருப்பவன் அவன். எனக்கு உடனே பதில் வரவில்லை. எங்கள் அண்ணன் துபாயில் ஏ.சி. மெக்கானிக். பொங்கலன்று போன் செய்தால் பத்து நிமிஷம் மாட்டைப் பற்றியே விசாரிப்பான், யார் குளிப்பாட்டினது, கொம்புக்கு என்ன கலர் அடிச்சீங்க என்று. அவனால் திரும்ப முடியாது, வீட்டுக் கடன் இருக்கு. சலீமால் திரும்ப முடிந்தது, திரும்பினார். அதை மடத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இன்னும் ஒரே ஒரு சீஸன் இருந்திருந்தால் முதல் அணியிலும் ஆடியிருப்பாரோ என்று நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

கல்கத்தா திரும்பி மறுபடி முகமதன் அணியில் ஆடினார். வெறுங்கால் ஆட்டம் அவரோடு முடியவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்ஸோடு நம் அணியில் பெரும்பாலோர் வெறுங்காலில்தான் ஆடினார்கள். 1-2 என்று தோற்றோம், இரண்டு பெனால்டியை விட்டுவிட்டு! அந்த ஒரு கோலைப் போட்டவர் பெயர் சாரங்கபாணி ராமன். கேட்டதும் கும்பகோணம்தான் ஞாபகம் வரும், ஆனால் அவர் மைசூர் அணிக்காரர். 1952-ல் ஹெல்சிங்கி குளிரில் யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்று நொறுங்கிய பிறகுதான் ஷூ கட்டாயமானது.

சலீம் 1980-ல் காலமானார். கடைசிக் காலத்தில் உடம்பு முடியாமல் இருந்தபோது, அவருடைய மகன் செல்டிக் கிளப்புக்கு ஒரு கடிதம் போட்டார். சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்று எழுதினாலும், உள்ளுக்குள் அவர் தெரிந்துகொள்ள நினைத்தது வேறு. நாற்பது வருஷத்துக்கு முன் இரண்டே மேட்ச் ஆடியவரை அங்கே யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பதில் வந்தது. உள்ளே நூறு பவுனுக்கு ஒரு பேங்க் டிராஃப்ட். மகன் அதை மாற்றவே இல்லை, பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.